கோதுமைக் கிடங்குக்குள் அலுவலகம் போடலாமா? கிங்ஸ் கிராஸ் கணக்கு

கேள்வி இதுதான்: "லண்டன் கிங்ஸ் கிராஸில் பழைய கிடங்குகளை இடிக்காமல், பக்கத்திலேயே பெரிய அலுவலகங்களைக் கட்டி எல்லாவற்றையும் ஒரே பேட்டையாக மாற்றியிருக்கிறார்கள். இது உள்ளபடி எப்படி நடக்கிறது? பழைய கட்டிடத்தையே அலுவலகமாக மாற்றினால் செலவு குறையாதா?"

இரண்டாவதற்கு முதலில் பதில்: குறையாது, பெரும்பாலும் கூடும். சுவரும் கூரையும் ஏற்கெனவே நிற்கிறதே, பாதி மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் அலுவலகக் கட்டிடத்தில் ஏசி, மின்சாரம், லிப்ட், தீத்தடுப்பு, கழிப்பறை, ஜன்னல் ஆகியவை பெரிய செலவு பிடிப்பவை. பழைய கட்டிடத்திலும் இவை அத்தனையும் புதிதாகத்தான் போட வேண்டும். அதையும் தூக்குக்குண்டு விட்டால் சரியாக நிற்காத சுவரில், மட்டம் இல்லாத தளத்தில், கை வைக்கக் கூடாத இடங்களைச் சுற்றிக்கொண்டு போட வேண்டும். போதாக்குறைக்கு வாடகைக்கு விடக்கூடிய பரப்பும் குறையும். புது அலுவலகத்தில் கட்டிய பரப்பில் 80 சதவீதம் அளவுக்கு வாடகைக்குத் தேறும். தடித்த சுவரும் குறுகிய படிக்கட்டுமாக இருக்கும் பழைய கட்டிடத்தில் அது 65-க்கும் கீழே போவது சாதாரணம்.

பழையதைக் காப்பாற்றும் பணம் பக்கத்துப் புது அலுவலகங்களின் வாடகையிலிருந்துதான் வருகிறது. அதனால் இந்த மாதிரித் திட்டம் இரண்டு முடிவுகளில் நிற்கிறது: எந்தப் பழைய கட்டிடத்துக்குள் எதை வைப்பது, எதை முதலில் கட்டுவது. கிங்ஸ் கிராஸ் இரண்டிலும் பெரும்பாலும் சரியாகச் செய்தது, சில இடங்களில் சறுக்கியது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. கிங்ஸ் கிராஸ், செயின்ட் பாங்கிராஸ் என்ற இரண்டு ரயில் நிலையங்களையும் ஒட்டி வடக்கே விரியும் 67 ஏக்கர், கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் சரக்கு முற்றமாகவும் எரிவாயுக் கிடங்குகளாகவும் இருந்தது. வடக்கிலிருந்து நிலக்கரியும் லிங்கன்ஷயரிலிருந்து கோதுமையும் வந்து இறங்கும். நடுவில் ரீஜென்ட் கால்வாய் ஓடுகிறது. சரக்கெல்லாம் லாரிக்கு மாறிய பின் கிடங்குகள் காலியாகி, சிலவற்றில் இரவு விடுதிகள் நடந்தன. ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் பிரான்சுக்குப் போகும் சுரங்க ரயிலை செயின்ட் பாங்கிராஸுக்குக் கொண்டுவருவது என்று 1996-ல் முடிவான பிறகுதான் நிலத்துக்கு மதிப்பு வந்தது. ஆர்ஜென்ட் என்ற நிறுவனம் மேம்பாட்டாளராக வந்தது. 2006-ல் கேம்டன் நகராட்சி மொத்தத் திட்டத்துக்கு அனுமதி தந்தது: சுமார் 50 புதுக் கட்டிடங்கள், சீரமைக்க வேண்டிய 20 பழைய கட்டிடங்கள். ஒவ்வொரு மனையிலும் அலுவலகமா வீடா என்பதை முழுக்க இறுக்கிக் கட்டாமல், பயன்பாட்டை ஓர் அளவுக்கு மாற்றிக்கொள்ள அந்த அனுமதி இடம் கொடுத்தது. அடுத்த இரண்டே வருஷத்தில் 2008 பொருளாதார வீழ்ச்சி வந்தபோது அந்த நெகிழ்ச்சி எவ்வளவு உதவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதை முதலில் என்பதற்கு வருவோம். பெயர் கெட்டுப்போன ஒரு பேட்டைக்கு எந்தப் பெரிய கம்பெனியும் முதல் ஆளாக வாடகைக்கு வராது. இங்கே முதலில் கை வைத்தது கிரேனரி என்ற பெரிய கோதுமைக் கிடங்கில். 1852-ல் லூயிஸ் கியூபிட் கட்டியது. கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையமும் அவர் வடிவமைப்புதான். அந்தக் காலத்தில் கால்வாய்ப் படகுகள் கட்டிடத்துக்கு அடியிலேயே நுழைந்து மூட்டை ஏற்றிப் போகும். அதன் பின்னால் இருக்கும் நீண்ட சரக்குக் கொட்டகைகளோடு சேர்த்து ஸ்டான்டன் வில்லியம்ஸ் என்ற கட்டிடக்கலை நிறுவனம் மாற்றியமைக்க, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி 2011-ல் குடிவந்தது. மறு வருஷமே முன்னால் 1,080 நீர்த்தாரைகளோடு ஒரு சதுக்கம். தினமும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் நடமாட ஆரம்பித்த பிறகுதான் 2013-ல் கூகுள் மனை வாங்கியது. 330 மீட்டர் நீளத்தில் 11 மாடி வரை எழும் அதன் கட்டிட வேலை 2018-ல்தான் தொடங்கியது. பழையது முதலில், அலுவலகம் அப்புறம் என்ற இந்த வரிசைக்கு ரசனை மட்டும் காரணமில்லை, வாடகைக் கணக்கும் இருக்கிறது.

இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டால் என்ன ஆகும் என்பது கட்டிடத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். புது அலுவலகத்தைக் கட்டி விற்றுவிட்டு, பழையதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். கூரை ஓடு நாலு நழுவும், தண்ணீர் இறங்கும், உத்திரத்தின் நுனி உளுத்துப்போகும். நாலைந்து வருஷத்தில் ஓர் பொறியாளர் வந்து 'ஆபத்தான நிலை' என்று சான்று தருவார், பிறகு புல்டோசர். இங்கிலாந்தில் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. 1990-ஆம் வருஷத்து நகரத் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின் கீழ் நகராட்சியும் மேம்பாட்டாளரும் போடும் ஒப்பந்தம் அது. "இத்தனை சதுர மீட்டர் புது அலுவலகத்தில் ஆள் குடியேறுவதற்கு முன் இந்தப் பழைய கட்டிடத்தின் வேலை முடிந்திருக்க வேண்டும்" என்று அதில் எழுதிவிடலாம். தேதி போட்டு எழுதினால் அவகாசம் கேட்பார்கள். குடியேற்றத்தோடு முடிச்சுப் போட்டால்தான் வேலை நடக்கும், ஏனென்றால் நின்றுபோவது வாடகை.

அடுத்தது, எதற்குள் எதை வைப்பது. பழைய கட்டிடம் ஒன்றைப் பார்க்கப் போகும்போது நாலு அளவுகள் எடுத்தால் பாதி முடிவு வந்துவிடும்: தளத்துக்குத் தளம் உயரம், தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, ஜன்னலிலிருந்து உள்ளே எவ்வளவு ஆழம், தளம் எவ்வளவு எடை தாங்கும்.

உயரம்: இன்றைய அலுவலகத்துக்குக் கேபிள் ஓடும் உயர்த்திய தரைக்கு 150 மிமீ, மேலே ஏசி காற்றுக்குழாய், விளக்கு, தீயணைப்புத் தண்ணீர்த் தெளிப்பான் எல்லாம் சேர்த்து 400 முதல் 500 மிமீ, நடுவில் ஆள் நடமாட 2.6 அல்லது 2.7 மீட்டர், அதோடு தளத்தின் தடிமன். கூட்டினால் மூன்றே முக்கால் மீட்டரைத் தொடும். கிடங்குகளில் பல அதைவிடத் தாழ்வு. பால்ஸ் சீலிங் போட்டால் தலையில் இடிக்கும். போடாவிட்டால் குழாய் அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிடுவதுதான் நல்லது. ஆனால் அப்படி விடுவதென்றால் ஒவ்வொரு குழாயையும் நேர்கோட்டில் ஓட்டக் கூலி அதிகமாகும்.

ஆழம்: பகல் வெளிச்சம் ஜன்னலிலிருந்து ஆறேழு மீட்டருக்கு மேல் உள்ளே வேலைக்கு உதவாது. மூட்டை அடுக்கக் கட்டிய கிடங்குக்கு வெளிச்சமே தேவைப்படவில்லை. அங்கே மேசை போட்டால் பகலெல்லாம் விளக்கு எரிய வேண்டும். நடுவில் ஒரு திறந்த கூடத்தை வெட்டி எடுத்தால் வெளிச்சம் வரும், ஆனால் பழைய தளமும் உத்திரமும் போய்விடும். காப்பாற்ற வந்ததையே வெட்டி எறிந்த கதையாகும்.

எடை: இங்கேதான் பழைய கிடங்கு கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும். அலுவலகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ என்று கணக்கு வைப்பார்கள். புத்தக அடுக்குகள் நிற்கும் தளத்துக்கு 600 கிலோவுக்கு மேல் வேண்டும். தானிய மூட்டை சுமந்த தளத்துக்கு அது பழக்கமான பாரம். கிரேனரிக்குள் கல்லூரி நூலகம் உட்கார்ந்ததில் உள்ள பொருத்தம் இதுதான். புத்தக அடுக்குக்கு ஜன்னல் வெளிச்சமும் அவ்வளவாக வேண்டாம். வெளிச்சமும் அகலமும் தேவைப்பட்ட பட்டறைகளைப் பின்னால் புதிதாகக் கட்டிய பகுதிக்குத் தள்ளிவிட்டார்கள்.

எரிவாயுத் தொட்டிகளின் வார்ப்பிரும்புச் சட்டங்களுக்கும் இதே தர்க்கம்தான். ஒன்றோடொன்று பின்னிய மூன்று வட்டச் சட்டங்கள். ரயில் பாதை வேலைக்காகக் கழற்றப்பட்டு, யார்க்ஷயரில் ஒரு பட்டறையில் சீராகி, பழைய இடத்தை விட்டுக் கால்வாயின் வடகரையில் திரும்ப நிறுத்தப்பட்டன. உள்ளே 145 வீடுகள், வில்கின்சன் அயர் வடிவமைப்பு. வட்டத்துக்குள் அலுவலகம் போட்டிருந்தால் ஆப்புத் துண்டு மாதிரி அறைகளில் மேசை வரிசை நிற்காது. வீட்டுக்கு அது பெரிய தொல்லை இல்லை.

புது அலுவலகமும் பழைய கட்டிடமும் நேராகக் கைகோத்த இடம் என்றால் ஸ்டான்லி கட்டிடம். 1860-களில் உழைக்கும் மக்களுக்காகக் கட்டிய அடுக்குமாடி, எல்லாம் சின்னச் சின்ன அறைகள். சுவர்களை உடைத்துப் பெரிய கூடம் ஆக்கவில்லை. அறைகளைச் சிறு குழுக்கள் உட்காரும் அலுவலகங்களாக விட்டுவிட்டு, பக்கத்தில் செங்கல்லிலேயே ஒரு புதுக் கட்டிடத்தை ஒட்டவைத்து அகலமான தளங்களை அங்கே கொடுத்தார்கள். 2014-ல் திறந்தது. பொதுவாகவே இந்த ஜோடி முறை நல்லது: லிப்ட், தீப்படிக்கட்டு, கழிப்பறை, ஏசி எந்திரம் ஆகிய துளை போடும் சமாச்சாரங்கள் எல்லாம் புதுப் பகுதிக்குப் போகட்டும். பழைய சுவரில் விழும் ஓட்டை குறையும், அனுமதி வாங்குவதும் எளிது. ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய தளத்தின் மட்டத்தை முதலில் அளந்து, புதுத் தளத்தை அதற்கு ஏற்றபடி வையுங்கள். 200 மிமீ வித்தியாசம் விட்டுவிட்டால் ஒவ்வொரு மாடியிலும் இரண்டரை மீட்டர் சாய்தளம் போட வேண்டி வரும். சக்கர நாற்காலிக்கு 1:12-க்கு மேல் செங்குத்தாக விட முடியாது.

புதியதைப் பழையதோடு இறுக்கிக் கட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. 150 வருஷம் நின்ற கட்டிடம் மண்ணுக்குள் இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடித்தாயிற்று. புதுக் கட்டிடம் இனிமேல்தான் இறங்கும், அதுவும் லண்டன் களிமண்ணில் வருஷக்கணக்கில். இரண்டையும் கம்பி போட்டுப் பிணைத்தால் புதியது இறங்கும்போது பழையதைப் பிடித்து இழுக்கும். சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடும். நடுவில் 25 முதல் 50 மிமீ இடைவெளி விட்டு, மேலே நழுவக்கூடிய மூடி போடுவதுதான் முறை. கோல் டிராப்ஸ் யார்டில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். ரயில் பெட்டியிலிருந்து நிலக்கரியைக் கீழே கொட்டுவதற்காக 1850, 60-களில் எழுந்த இரண்டு நீண்ட கட்டிடங்கள். ஹெதர்விக் ஸ்டூடியோ இரண்டின் கூரைகளையும் வளைத்து நடுவில் ஒன்றையொன்று தொடவைத்து, அந்த மடிப்புக்குள் ஒரு மாடியைத் தொங்கவிட்டது. 2018 அக்டோபரில் திறந்தார்கள். அந்த மாடியின் பாரத்தைப் பழைய செங்கல் தாங்கவில்லை. பழைய கட்டிடங்களின் ஊடே தனி எஃகுச் சட்டம் ஒன்று நுழைந்து இறங்குகிறது. புதுக் கூரைக்கு ஓடு கூடப் பழைய கூரைக்குப் போன அதே வேல்ஸ் பகுதியின் நீலச் சிலேட்டு. பார்க்க அழகு; ஆனால் உயர்ரகக் கடைகள் வந்த வேகத்தில் சில கிளம்பிவிட்டன, உணவகங்கள்தான் தாக்குப்பிடித்தன. ரயில் நிலையத்துக்குப் போகிறவர் வழியில் இல்லாத உள்முற்றத்தில் விலை உயர்ந்த துணிக்கடை வைத்தால் அப்படித்தான் ஆகும்.

பக்கத்தில் புதுக் கட்டிடத்துக்குப் பைல், அதாவது மண்ணுக்குள் போகும் அஸ்திவாரத் தூண், இறக்கும்போது: அடித்து இறக்கும் பைல் வேண்டாம், துளையிட்டு இறக்குங்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் பழைய கட்டிடத்தின் அஸ்திவாரத்தில் அதிர்வு விநாடிக்கு 3 மிமீ தாண்டக் கூடாது என்பது ஜெர்மன் தரநிலையின் வரம்பு. பல நாடுகளில் அதையே பின்பற்றுகிறார்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே வெடிப்புகளின் மேல் அளவுகோல் ஒட்டி, முடிந்தால் ஒரு வருஷம் படித்து வையுங்கள். களிமண் கோடையில் சுருங்கும், குளிரில் உப்பும். வெடிப்பும் அதோடு சேர்ந்து திறந்து மூடும். இந்தப் பதிவு கையில் இல்லாவிட்டால், நாளை ஒரு வெடிப்பு 1 மிமீ விரிந்தாலும் "உன் பைல்தான் காரணம்" "இல்லை, எப்போதும் இப்படித்தான்" என்று வழக்கு ஓடும். அஸ்திவாரத்தை ஆழப்படுத்த வேண்டி வந்தால் ஒரு மீட்டர் அகலத் துண்டுகளாக, அடுத்தடுத்த துண்டைத் தொடாமல், ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டிக் கான்கிரீட் போட வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று பக்கத்துத் துண்டையும் சேர்த்துத் திறந்த இடங்களில்தான் சுவர் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது செங்கல் சுவர். புதுப்பித்த கட்டிடம் பத்து வருஷத்தில் மறுபடி கெட்டுப்போவதற்கு முதல் காரணம் சிமென்ட். பழைய சுவர் மழையைக் குடித்து, பிறகு சாந்து வழியாக மூச்சு விடும். செங்கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் சிமென்ட் பூசி அடைத்தால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறும்; உப்பு செங்கல்லின் முகத்துக்குள் படிகமாகி, குளிர் நாட்டில் உறைபனியும் சேர்ந்து, முகத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். சிமென்ட் கோடு அப்படியே நிற்க, நடுவில் செங்கல் குழிந்துபோன சுவரை எங்கே பார்த்தாலும் நடந்தது இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும், தேய்வது சாந்தாக இருக்கட்டும்.

செய்முறை: பழைய சாந்தைக் கையுளியால் சுரண்டி எடுக்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் செங்கல் ஓரம் போய்விடும், இடைவெளி அகலமாகிச் சுவரின் முகமே மாறிவிடும். ஆழம் இடைவெளியின் அகலத்தைப் போல இரண்டு பங்கு, குறைந்தது 20 முதல் 25 மிமீ. தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. மூட்டையில் என்ஹெச்எல் 3.5 என்று போட்டிருக்கும் வகை சாதாரண சுவருக்குப் போதும். 5 போட்டிருப்பதை 'இன்னும் கெட்டி' என்று வாங்கிவிடாதீர்கள். சாந்தை உள்ளே அழுத்தித் திணித்து, விரல் வைத்தால் பள்ளம் விழாத பதம் வந்ததும் கட்டை முடித் தூரிகையால் தட்டிவிடுங்கள். வழவழப்பாகத் தேய்த்தால் மேலே தோல் கட்டி மூச்சு அடைக்கும். அப்புறம் ஒரு வாரமாவது ஈரச் சாக்கு. 5 டிகிரிக்குக் கீழே குளிர் போனால் அன்றைக்கு வேலையே வேண்டாம். மணல் வீசிச் சுவரைச் சுத்தம் செய்வதற்கும் அனுமதிக்காதீர்கள். சூளையில் வெந்த செங்கல்லின் மேல்தோல்தான் அதன் மழைக்கோட்டு. நீராவி வைத்துத் துடைத்தால் போதும், கொஞ்சம் கறுப்பு இருந்தாலும் குடி முழுகாது.

இந்தச் சுண்ணாம்பு வேலை நம் ஊருக்கு அந்நியம் இல்லை. 2012 ஜனவரியில் தீயில் சிதைந்த, சேப்பாக்கத்தின் பழைய நவாப் அரண்மனையான கலஸ் மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டபோது கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்தைத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது அதற்குள் அரசு சார்ந்த அலுவலகப் பயன்பாடுதான். ஆனால் அங்கே தளம் வேறு விதம்: தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ். அதன் உயிர் உத்திரத்தின் நுனியில் இருக்கிறது. சுவருக்குள் நுழையும் அந்த ஒரு சாண் மரம் ஓதத்தில் உளுத்திருந்தால் மேலே தளம் எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. ஏசி செலவைக் குறைக்கிறேன் என்று உட்புறச் சுவரில் நுரைப்பலகை ஒட்டுவதும் இதே நுனியைத்தான் கொல்லும். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தேங்கும். வெப்பத்தடுப்பு வேண்டுமென்றால் ஈரம் ஊடுருவும் மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும், அதற்கு முன் கூரையும் ஜன்னலும்.

தீ விஷயத்தில் ஒரு தலைகீழ் உண்மை. மரம் ஆபத்து, இரும்பு பத்திரம் என்று எல்லோரும் நினைப்பார்கள். மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மிமீ வீதம்தான் கரியாகும். 300 மிமீ தடித்த உத்திரம் ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் எரிந்தாலும் 200 மிமீக்கு மேல் நல்ல மரம் மிச்சம். வார்ப்பிரும்புத் தூண் அப்படியில்லை. தீயில் சூடேறிய தூணின் மேல் தீயணைப்புத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். அதனால் சூட்டில் உப்பும் வண்ணப்பூச்சு, தெளிப்பான் இரண்டும் வேண்டும். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைக்கவே கூடாது, பக்கத்தில் உடைந்துபோகும். புது விட்டத்தை மாட்ட வேண்டுமென்றால் கவ்விப் பிடிக்கும் பட்டையும் போல்ட்டும்தான். வார்ப்பிரும்பா தேனிரும்பா என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் மேஸ்திரியை நம்பாமல், சின்ன மாதிரி துளைத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புங்கள்.

பணத்தில் இன்னும் இரண்டு. எதிர்பாராச் செலவுக்குப் புதுக் கட்டிடத்தில் 5 முதல் 10 சதவீதம் ஒதுக்குவார்கள். பழையதில் 15-க்குக் கீழே ஒதுக்கினால் தன்னையே ஏமாற்றிக்கொள்வது. இரண்டாவது வரி. பிரிட்டனில் புது வீடு கட்டினால் வாட் வரி பூஜ்யம், பழைய வீட்டைப் பழுதுபார்த்தால் பொதுவாக 20 சதவீதம். பாரம்பரியக் கட்டிடங்கள் என்று அரசு பட்டியலிட்டவற்றில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த விலக்கையும் 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். காப்பாற்றுகிறவனுக்கு அபராதம், இடிக்கிறவனுக்குச் சலுகை என்று பாதுகாப்பு இயக்கங்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

கிங்ஸ் கிராஸை ஒரேயடியாகப் புகழவும் வேண்டாம். ஸ்டான்லிக்குத் துணையாக நின்ற இன்னொரு ஸ்டான்லி கட்டிடமும் கல்ராஸ் கட்டிடங்களும் இடிக்கப்பட்டன. சதுக்கங்கள் பொது இடம் மாதிரித் தெரிந்தாலும் நிர்வாகம் தனியார் கையில். 2019-ல் அங்கே முகமறியும் கேமராக்கள் இருந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. பழைய செங்கல்லைப் பார்த்து மயங்கும்போது நிலம் யாருடையது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

உங்கள் கையில் இப்படி ஒரு கட்டிடம் இருந்தால், வடிவமைப்பாளரைப் பிடிப்பதற்கு முன்பே கூரையில் நழுவிய ஓடுகளைச் சரிசெய்து, மழைநீர்க் குழாய்களில் முளைத்த அரசங்கன்றுகளைப் பிடுங்கி, வேரோடு வந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைத்து, சுவரோரம் சேர்ந்த மண்ணை வழித்துத் தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தளத்திலும் நாலைந்து இடத்தில் பலகையைத் தூக்கி, சுவருக்குள் போகும் உத்திர நுனியில் ஒரு திருப்புளியைக் குத்திப் பாருங்கள். 10 மிமீ ஆழத்துக்குச் சுலபமாக இறங்கினால், மேலே சொன்ன அலுவலகக் கணக்கையெல்லாம் அந்த நுனியிலிருந்து தொடங்க வேண்டும்.